பதினொரு நிமிசம்

ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.
மேடைக்குப் பின்னால், தாழம்பற்றையை ஒட்டி
ஜெனரேட்டரும் என் கதிரையும்.
முகம் றோட்டுப் பக்கம்.
உல்லையில் இது எனக்கு நாலாவது சீசன்.
எனக்குத் தெரிந்த இசையெல்லாம்
வோல்ட் மீற்றரின் ஊசிதான்.

தாளம் விழுந்தால் ஊசி குனியும்.
சனம் கூடினால் பிரிட்ஜுகள் மூச்சு வாங்கும்,
இன்னும் கொஞ்சம் குனியும்.
பன்னிரண்டு தாண்டினால் நிமிர்வதே இல்லை,
வெங்காயம் உரிக்கும் குசினிப் பொடியன் மாதிரி.

கோமாரியில் மனுசி கேட்பாள்,
"வெள்ளைக்காரியள் எப்படி ஆடுவாங்க?"
இருநூற்றிப் பத்தில ஆடுவாங்க என்பேன்.
சில நாள் நூற்றித் தொண்ணூறு.

திங்கள் போயா. போத்தல் திறக்கக் கூடாது.
அதற்கும் சேர்த்துச் சனியிரவே குடித்தார்கள்.
மணலில் கிடந்த போட் ஒன்றுக்கு
கலர் பல்ப் மாலை சுற்றி,
உள்ளே ஐஸ் கொட்டி
பியர்த் தொட்டி ஆக்கியிருந்தான் மனேஜர் லலந்த.
யாருடைய போட் என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ரெண்டே முக்காலுக்கு வந்தார் உதுமாலெவ்வை.
தோளில் என்ஜின்,
பின்னால் வலையோடு மருமகன்மார் ரெண்டு பேர்.
ஆடுகிறவர்களுக்கு நடுவால்
மழைக்குள் நடப்பவர்போல் வந்தார்,
ஒருவரையும் இடிக்காமல், ஒருவருக்கும் ஒதுங்காமல்.
ஒருத்தி அவரைச் சுற்றி ஒரு சுற்று ஆடினாள்.
நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்
கைதட்டினார்கள்.
அவர் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து
மணலில் நிமிர்த்தி வைத்தார்.
வாயில் வைத்தறியாத மனிசன்,
ஒன்றும் சரியாமல், ஒன்றும் உடையாமல்.

பிறகு என்னிடம் வந்தார்.
"மனே, இந்த வெளிச்சத்துக்க அலை தெரியுதில்ல."
அவ்வளவுதான்.
என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால்
மாட்டேன் என்றிருப்பேன்.
ஊசியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

சுவிட்சை இழுத்தேன்.

நானூறு பேர் ஒரே தொண்டையில் "ஓ" என்றார்கள்.
அவர்கள் நிறுத்திய பிறகும்
அந்த ஓ நிற்கவில்லை.
கடல் வைத்துக்கொண்டிருந்தது அதை.

முதல் தடவையாகக் கதிரையைத் திருப்பிப் போட்டேன்.
நிலா வயல் பக்கம் சாய்ந்திருந்தது.
பாட்டில்லாமல் நின்ற ஆட்கள்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.
ஒருவன் போட்டில் வைத்தான்.
பிறகு அந்தச் சுற்றி ஆடியவள்.
பிறகு மினுங்கல் பூசிய தோள்கள்,
சேர்ப் பலகை பிடித்துக் காய்த்த கைகள்,
லலந்த பிடரியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க
அவனுடைய பார் பொடியன்கள்கூட.
எத்தனை பாஷையில் தள்ளினார்களோ,
போட் "இன்னொருக்கா" என்ற சொல்லுக்குத்தான் நகர்ந்தது.
மூன்றாம் தடவை
அவர்களே அதைச் சொல்லத் தொடங்கினார்கள்,
இன்னொக்கா, இன்நோக்கா,
சரியாக ஒருத்தருக்கும் வரவில்லை.

உதுமாலெவ்வை நாலு அலையை விட்டார்.
ஐந்தாவதின் முதுகு உடைய, ஏறினார்.
என்ஜின் பிடித்தது.
அவிழ்க்க மறந்த பல்ப் மாலை
செத்த கண்களோடு பின்னால் இழுபட்டுப் போனது.

முழங்கால் நனைய நின்றவர்களில் ஒருத்தி
திரும்பி வந்து என்னைக் கேட்டாள், முடிந்துவிட்டதா என்று.
இல்லை என்று தலையாட்டிச் சுவிட்சைப் போட்டேன்.
ஊசி குனிந்தது.

காலையில் கணக்கு.
டீசல் நாற்பத்திரண்டு லீட்டர்.
கழிவு, பதினொரு நிமிசம். பல்ப் மாலை ஒன்று.
காரணம் எழுதென்றான் லலந்த.
கரண்ட் கட் என்று எழுதினேன்.
ஜெனரேட்டருக்கு ஏதடா கரண்ட் கட் என்று
சிங்களத்தில் ஏசினான்,
பிறகு கையெழுத்துப் போட்டான்.

பத்து மணிக்கு மருமகன்மாரில் ஒருவன்
மாலையைக் கொண்டுவந்து கதிரையில் போட்டான்.
உப்பு, செதில்,
பல்ப் கழன்ற ஓட்டையொன்றில் இறுகிக்கிடந்த
ஒரு சூடைக் குஞ்சு.
கழுவிக் காயவைத்துக்
குத்திப் பார்த்தோம்.

ஏழு எரிந்தது.